பூச்சோங் கிணற்றுக் கொந்தராக்

சமையலறைக்குப் பின்னால் பழைய சாக்கடைக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்க நேற்று ஓர் ஓரமாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இரவு மழை பெய்திருக்கிறது. காலையில் பின்கதவைத் திறந்ததும் ஈரக் களிமண் வாடை முகத்தில் அடித்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த வாடைக்கு எனக்கு முதலில் நினைவு வருவது உங்கள் முகம். அடுத்தது எரிச்சல்.

செலாயாங்கில் நம் மகள் ஸ்டெல்லாவின் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். சமையலறையை இழுத்துப் பெரிதாக்கப் போகிறாளாம். மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக ஒரு விலை சொன்னான். ஒருவன் சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள், எனக்கு நாள்கூலி போதும் என்றான். இன்னொருவன் ஆகிற செலவுக்கு ரசீது காட்டுகிறேன், அதற்கு மேல் என் பங்கு என்றான். உங்கள் மகளுக்குக் குழப்பம். "அப்பா இருந்திருந்தா எதம்மா எடுத்திருப்பாரு?" என்று கேட்டாள். எதை எடுத்திருப்பீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றும், அதனால் அதை மட்டும் எடுக்காதே என்றும் சொன்னேன். நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தாள். பூச்சோங்கில் கிணறு வெட்டியபோது அவளுக்கு நான்கு வயது. ஒன்றும் ஞாபகமில்லை. இருந்திருந்தால் உங்கள் படத்துக்கு அத்தனை பெரிய சட்டம் போட்டு மாட்டியிருக்க மாட்டாள்.

பிரிக்பீல்ட்ஸில் நீங்கள் பெரிய கிராணி. ரயில்வே பண்டகசாலையில் குமாஸ்தாவாக உட்கார்ந்துகொண்டு செங்கல்லுக்கும் தண்டவாளக் கட்டைக்கும் கொந்தராக், அதாவது குத்தகை ஒப்பந்தம், எழுதுகிறவர். எழுதியதை என்னிடம் வாசித்துக் காட்டுவீர்கள். சோறு ஆறிக்கொண்டிருக்கும், நீங்கள் நிறுத்த மாட்டீர்கள். எல்லாம் முடிந்ததும் ஒரே பேச்சு: "எழுத்துல இருந்தா போதும்." கல்யாணம் ஆன புதிதில் நான் அதைப் பெரிய படிப்பு என்று நினைத்தேன். எனக்கு வயது பதினெட்டு. அந்த வயதில் யாரும் ஏமாறுவார்கள்.

ஜப்பான்காரன் வந்தான். பண்டகசாலை போனது, குவாட்டர்ஸும் போனது. தின்பதை நீங்களே விளைத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. ரயில்வே குடும்பங்கள் நாலைந்தாகச் சேர்ந்து பூச்சோங் பக்கம் ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய ஈயக்காட்டு ஓரத்தில் மரவள்ளி நட்டோம். மற்ற ஆண்கள் மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். நீங்கள் கமிட்டி தலைவரானீர்கள். உங்கள் கம்பளிக் கோட்டைத் தகரப் பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தீர்கள். வெள்ளைக்காரன் திரும்பி வரும்போது போட்டுக்கொண்டு எதிரே போய் நிற்க வேண்டுமல்லவா.

கிணறு வேண்டும் என்று கேட்டவர்கள் பெண்கள். குடம் எங்கள் இடுப்பில் இருந்தது. பக்கத்து ஈயக்குட்டையில் தண்ணீர் பச்சையாகக் கிடக்கும். எருமையும் அதில்தான் கிடக்கும். கம்பம் என்று சொல்கிற பக்கத்துக் கிராமத்தில் வீரன் என்று ஒருவன் இருந்தான், தோட்டத்தில் கிணறு வெட்டிப் பழகியவன். அவன் நாள்கூலிக்கு வருகிறேன் என்றான். உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள்கூலி கொடுத்தால் ஒரு கூடை மண்ணுக்கு ஒரு நாள் உட்காருவான் என்று கமிட்டிக்கு விளக்கினீர்கள். அடிக் கணக்கு என்றால் வேண்டாத ஆழத்துக்கும் கூலி போகும் என்றீர்கள். அதனால் மொத்தக் குத்தகை. தண்ணீர் காணும்வரை வெட்ட வேண்டியது அவன் பொறுப்பு. விலை ஏறினாலும் நஷ்டம் அவனுக்கு, நமக்கில்லை. சொல்லிவிட்டு எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. ஒரு கூலிக்காரனை மடக்கிவிட்ட சந்தோஷம் ஒரு படித்த மனிதரின் முகத்தில் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வேலை முடிந்ததும் வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டில் முழுப் பணம். இன்றைக்கு ஒரு படி அரிசி வாங்கும் நோட்டு அடுத்த மாதம் அரைப் படிக்குக்கூட வராது. வீரன் என்ன செய்வான்? நோட்டு செத்துப் போவதற்குள் வேலையை முடிக்கப் பார்த்தான். அடைமழைக் காலம் வேறு. இரண்டு ஆள் ஆழம் போனதும் மணலிலிருந்து தண்ணீர் கசிந்தது. மேலே ஏறிவந்து, "தண்ணி கண்டுச்சுலா கிராணி ஐயா, கொந்தராக் முடிஞ்சிருச்சு" என்றான். இது மழைத் தண்ணீர், இன்னும் கீழே போகச் சொல்லுங்கள் என்று பெண்கள் எல்லாரும் சொன்னோம். நீங்கள் உங்கள் காகிதத்தை எடுத்துப் பார்த்தீர்கள். தண்ணீர் என்றுதான் எழுதியிருந்தது, எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. அவன் சொல்வது சரிதான் என்று தீர்ப்புச் சொல்லி, பாக்கியில்லாமல் கொடுத்து அனுப்பினீர்கள். ஏமாந்த வருத்தம்கூட உங்களிடம் இல்லை. எழுத்தில் இருந்தபடி நடந்துவிட்டது, அது போதும் உங்களுக்கு.

மழை நின்று சில வாரத்தில் கிணறு வற்றியது. அடியில் சேறும் தவளையும் மிச்சம். நாங்கள் மறுபடி குடத்தோடு ஈயக்குட்டைக்கு நடந்தோம். விறகும் கிடைக்காத நாட்கள், எல்லாத் தண்ணீரையும் காய்ச்ச முடியவில்லை. ஸ்டெல்லாவுக்கு வயிற்றோட்டம் கண்டது. முதலில் தண்ணீராகப் போனது, பிறகு ரத்தமும் சீதமும். மருந்து என்று கொய்யா இலைக் கஷாயம்தான். பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டது. கூப்பிட்டால் திரும்பக்கூடத் தெம்பில்லை. நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் இவள் தங்க மாட்டாள் என்று பக்கத்துக் குடிசை அக்கா என் காதில் சொன்னாள். நீங்கள் அப்போது வற்றிய கிணற்றின் ஓரம் நின்று, அடுத்த கொந்தராக்கில் என்னென்ன ஷரத்து சேர்க்க வேண்டும் என்று கமிட்டியோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்.

செங்கல்லுக்கு மொத்த விலை பேசலாம். செங்கல் எப்படி இருக்கும் என்று கொடுப்பவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வீரனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாததற்குச் செங்கல் கொந்தராக்கைப் போட்டுவிட்டு, கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கப் பார்த்தீர்கள். இந்தச் சின்ன விஷயம் புரிய ஒரு பிள்ளை படுக்கையில் விழ வேண்டியிருந்தது. அப்போதும் உங்களுக்குப் புரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நான் கம்பத்துக்குப் போனேன், உங்களிடம் சொல்லவில்லை. வீரன் என்னைக் கண்டதும் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து எழுந்து நின்றான். சண்டை போட எனக்கு நேரமில்லை. ஆழப்படுத்த வேண்டும் என்றேன்.

"எவ்வளவு ஆழத்துக்கும்மா? மொத்தமா எவ்வளவு குடுப்பீங்க?"

"எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாத வேலைக்கு மொத்தமா வெல சொல்றவன் பாதியில ஓடத்தான் பாப்பான். நீ நாள்கூலிக்கு வா. உன் பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிட்டு வந்து கிணத்துகிட்டயே குடிச போட்டுக்க. அந்தத் தண்ணியத்தான் நீங்களும் குடிக்கணும்."

அவன் வீட்டிலும் ஈயக்குட்டைத் தண்ணீர்தான். கூலி என்ன என்று கேட்டான். நோட்டு இல்லை, தினமும் எல்லாருக்கும் மரவள்ளிச் சாப்பாடு, நடுவதற்கு ஒரு துண்டு நிலம், நல்ல தண்ணீர் வந்த அன்று ஒரு கம்பளிக் கோட்டு என்றேன். துணி கிடைக்காத காலம். சணல் சாக்கை வெட்டி உடுத்தியிருந்தான். தலையை ஆட்டினான்.

ஒரு சிக்கல். மண் கூடையை மேலே இழுக்க அவனோடு வருகிற ஆளை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற ஆண்கள் பகலில் அவனவன் மரவள்ளிக் காட்டில். சும்மா இருந்தவர் தலைவர் ஒருவர்தான்.

கோட்டைக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது உங்களுக்கு வந்த கோபம் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டபோது வரவில்லை. யாரைக் கேட்டு முடிவு செய்தாய் என்றீர்கள். இது என்ன கொந்தராக், ஆழம் இல்லை, விலை இல்லை, முடிவு தேதி இல்லை, எழுத்தில் ஒன்றும் இல்லை என்றீர்கள். நான் ஸ்டெல்லாவைத் தூக்கிவந்து உங்கள் மடியில் போட்டேன். இறகு மாதிரி இருந்தாள். "இவளுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றேன். உங்களிடம் அவ்வளவு கேவலமாக நான் அதுவரை பேசியதில்லை. அதற்கப்புறம் நிறையப் பேசியிருக்கிறேன், அது வேறு.

அன்று மத்தியானம் கிணற்றோரம் போய்க் கயிற்றைப் பிடித்தீர்கள். பேனா பிடித்த கை. முதல் நாளே தோல் உரிந்தது. கயிறு வழுக்கி ஒரு கூடை மண் திரும்பக் கீழே போக, உள்ளேயிருந்து வீரன் ஏசியது எல்லார் காதிலும் விழுந்தது. பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தீர்கள். ஈயமண் கழுவும் மரவாய்க்காலான பாலோங்கில் கிடந்த பழைய பலகைகளை இறக்கிப் பக்க மண் சரியாமல் முட்டுக்கொடுத்தார்கள். மணல் முடிந்து களிமண் வந்தது. களிமண் முடிந்து சரளை வந்தது. சரளைக்குள்ளிருந்து குளிர்ந்த தண்ணீர் வந்தது.

முதல் வாளியை வீரனைத்தான் குடிக்கச் சொன்னேன். குடித்துவிட்டுத் தன் மகளுக்குக் கொடுத்தான். அதைப் பார்த்த பிறகுதான் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்ச எடுத்துப் போனேன். அடுத்த கோடையிலும் அந்தக் கிணறு வற்றவில்லை. வீரன் உங்கள் கோட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு வெயிலில் மரவள்ளி பிடுங்குவான். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். எனக்கு அதைப் பார்க்க அலுத்ததே இல்லை.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பியதும் நீங்கள் பழையபடி கிராணி. பூச்சோங்கில் கிணறு வெட்டிய கதையை விருந்தாளிகளிடம் உங்கள் திட்டம் போலவே சொல்வீர்கள். நான் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவேன். ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. உங்களோடு வாதாடுவது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். கண்ணுக்குத் தெரிகிற சுவருக்கும் கூரைக்கும் மொத்தமாகப் பேசு. மண்ணுக்குள் இருக்கிற குழாய்க்கு நாள்கூலி கொடு, பக்கத்தில் நின்று பார். கடைசிப் பணத்தை ஒரு பெருமழை பெய்து முடிகிறவரை கையில் வைத்துக்கொள். "இதெல்லாம் அப்பா சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் பார்த்த தகப்பன் அவளுக்கு இருக்கட்டும்.

உங்களைப் பெட்டியில் வைத்த அன்று போதகர் ஜெபம் முடித்துவிட்டு மூடலாமா என்று என்னைப் பார்த்தார். நான் கொஞ்சம் இருங்கள் என்றேன். மார்பின் மேல் கோத்து வைத்திருந்த உங்கள் கையைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தேன். அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். உள்ளங்கையில் குறுக்கே கயிறு அறுத்த தழும்பு அப்படியே இருந்தது. விருந்தாளிகளிடம் சொன்ன கதையில் இந்தக் கையைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. உங்களிடம் இருந்த மற்ற எல்லாவற்றையும் நான் ஏளனம் செய்திருக்கிறேன். இந்தக் கையை மட்டும் செய்ததில்லை. கையைப் பழையபடி கோத்து வைத்துவிட்டு, மூடச் சொன்னேன்.