வயலில் நின்ற கல்

ஸ்கை தீவு, ஸ்காட்லாந்து
12.11.1999

அப்பாவுக்கு வானதியின் வணக்கம். முட்டி வலி தேவலையா? எனக்கு இருமல்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், புல்வெளி நடுவே ஆள் உயரக் கல் ஒன்று தனியாக நிற்கிறது. நன்னிலத்து வயலில் கூழாங்கல்கூடக் கிடைக்காதே! ஒரு மாதமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று சுற்றினேன். போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் மொய்ரா பார்த்துவிட்டாள்.

“எங்க ஊர்ல வயல்ல கல்லு நின்னா சாமிதான்” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பனியுகத்தில் இந்தத் தீவின் பள்ளத்தாக்குகளைக் குடைந்த பனிதான், மலையிலிருந்து அதையும் இழுத்து வந்ததாம். நமக்குக் காவிரி வண்டல் கொண்டுவந்த மாதிரி. பிறகு பனி உருகிப்போக, கல் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

அதைக் கேட்டதிலிருந்து ஐந்து சுற்று சுற்றுகிறேன்.

பஸ் வந்துவிட்டது. விபூதி அனுப்புங்கள் அப்பா, எனக்கும் அந்தக் கல்லுக்கும் ஆகிற மாதிரி.

வானதி