ஐஸ் தொட்டியில் அண்ணி

ஜூன் 15, திங்கள், இரவு

அண்ணி வேலை பார்க்கும் கோவளம் ரிசார்ட்டில் இன்று விருந்தினர் இல்லை. வேலையாட்களும் சௌனா என்கிற வெப்ப அறையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று முதலாளி சொன்னாராம். பள்ளியை விட்டதிலிருந்து வீட்டிலேயே கிடக்கிறேன் என்று என்னையும் கூட்டிப்போனாள்.

கடலைப் பார்த்த சின்ன மர அறை. உள்ளே அடுப்பில் சவுக்குக் கட்டை எரிந்தது. மற்ற அக்காக்கள் டி-ஷர்ட்டோடு வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி மட்டும் நைட்டிக்கு மேல் துண்டும் போர்த்தியிருந்தாள்.

"இன்னாடி, இங்கயும் குளிருதா ஒனக்கு?" என்று ஓர் அக்கா சிரித்தாள்.

பிறகு வெளியே ஐஸ் போட்ட தொட்டி. அக்காக்கள் இறங்கிய வேகத்தில் கத்திக்கொண்டே ஏறிவிட்டார்கள். வீட்டில் வெந்நீர் இல்லாமல் குளிக்காத அண்ணி, கழுத்துவரை முங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போதும், வா அண்ணி."

"இரு திவ்யா. இதுல கீற வரைக்கும் வலி தெரியல."

ஏறியபோது ஈர நைட்டி முதுகில் ஒட்டியது. உள்ளே பெல்ட் அடித்த கோடுகள் தெரிந்தன. துண்டை எடுத்துப் போர்த்தினேன்.

"அம்மாகிட்ட சொல்லிடாத. ஒங்க அண்ணன் இன்னும் பேஜார் பண்ணும்," என்றாள்.

ராத்திரி அண்ணன் எனக்குப் பரோட்டா வாங்கிவந்தான். "துன்னு பாப்பா, ஆறிடப் போவுது," என்றான். முழுவதையும் தின்றேன். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் போனதும் அண்ணன் ஸ்பீக்கரில் பாட்டைச் சத்தமாக வைப்பான். பாட்டுப் பைத்தியம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

இப்போது பாட்டு கேட்கிறது. அம்மா தூங்குகிறாள். தலைவலி மாத்திரை வேண்டும் என்று அவர்கள் அறைக் கதவைத் தட்டப் போகிறேன்.