பாங்கு நேரத்தில் வந்த பாட்டு

ரெம்பியா, மலாக்கா
புதன்கிழமை, பசியாறிய பிறகு

அன்பு மகன் முகம்மது அஷ்ரபுக்கு அம்மா சுலைஹா சலாத்தோடு எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உன் அத்தா, நான், உன் தங்கச்சி ஃபரிஹா மூன்று பேரும் நடமாடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் கோபப்பட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம். நீயும் மருமகள் ஆதிலாவும் அந்த அயர்லாந்து மழையில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. போன வாரம் நீ அனுப்பிய படத்தில் வெறும் காலோடு நிற்கிறாய், நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே.

இதை நான் தாளில் எழுத, ஃபரிஹா படம் பிடித்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள். ஏம்மா, பேசி அனுப்புனா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும், எதுக்கு இப்படி பக்கம் பக்கமா எழுதுறீங்க என்று கேட்கிறாள். பேசி அனுப்பினால் அத்தாவுக்குக் கேட்கும். ஆபரேஷனில் குரல்வளையைத்தான் எடுத்தார்கள், காதை எடுக்கவில்லை. அதுவும் போக, குரல் போன மனிதர் உட்கார்ந்திருக்கிற வீட்டில் நான் மட்டும் போனுக்குள் கத்திக் கத்திக் குரல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நீ வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்துவிட்டுப் போனாய், அதற்குப் பிறகு நடந்ததை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற மிஷின், டார்ச்லைட் மாதிரி இருக்கும், பேச்சுப் பழக்குகிற பிள்ளை ஒரு தடவை அவருக்கு வைத்துக் காட்டியது. அதில் வந்த சத்தத்தை அத்தா கேட்டார், பெட்டியில் போட்டு மூடினார், கடை பில்லின் பின்பக்கத்தில் வேண்டாம் என்று எழுதி என்னிடம் நீட்டினார். அதோடு ஐந்து மாதம். நீ சொன்னபடி நயமாகவும் சொல்லிப் பார்த்தேன், சண்டையும் போட்டுப் பார்த்தேன். பேசாத மனிதரோடு சண்டை போடுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை, கேள்வியையும் நாமே கேட்டு பதிலையும் நாமே சொல்ல வேண்டியிருக்கிறது. மளிகைக் கடையில் கால்குலேட்டரைக் காட்டி வியாபாரம் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை உன் போன் அடித்தால் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார், மழை பெய்தாலும் சரி பெய்யாவிட்டாலும் சரி. அத்தா தொழப் போயிருக்காங்க, கடைக்குப் போயிருக்காங்க என்று நான் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய், அல்லாஹ் மன்னிக்கட்டும். நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறார், அதில் எனக்குப் பயம் இல்லை. இந்த மனிதர் இனி சாகிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டாரோ என்பதுதான் என் பயம்.

போன வருஷம் அரசாங்க டிவியிலிருந்து வந்து அத்தாவைப் படம் பிடித்தார்களே, அது உனக்கு நினைவிருக்கும். சின்ன ஊர்களில் பாடுகிறவர்களைப் பற்றிய ஆவணப்படம், ஒவ்வொருவர் கச்சேரியிலிருந்தும் ஒரு முழுப் பாட்டு. அதற்காகவே பாலாய் ராயா மண்டபத்தில் கச்சேரி வைத்தார்கள், அத்தா அவரே கட்டிய பாட்டைத்தான் பாடுவேன் என்று நின்று பாடினார். அன்றைக்கே தொண்டையில் கரகரப்பு. புகைமூட்டம், வேறொன்றுமில்லை என்று கற்பூரவல்லி இலையை மென்றுகொண்டிருந்தார், நானும் நம்பினேன். படம் எடுத்த தேவிஸ்ரீ என்கிற பிள்ளை போன மாதம் போன் பண்ணியது. ஆன்ட்டி, அங்கிள் பாட்டு வர்ற ஞாயித்துக்கிழமை போகுதுலா, அங்கிள ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க, முன்னாடியே விளம்பரத்துல போட்டுருவோம் என்றது. ஆபரேஷன் விஷயம் அதற்குத் தெரியாது. இன்ஷா அல்லாஹ் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஞாயிறு பூப்பந்து இறுதியாட்டம் நீண்டுபோய் நிகழ்ச்சியைத் தள்ளி வைத்தார்கள், நான் சுட்ட நாற்பது கறிபாப்பையும் வைத்து மூன்று நாள் பசியாறினோம். அடுத்த ஞாயிறு யாரோ பெரிய மனிதரின் பேச்சு முடியவில்லை. நான் உஷார், அன்றைக்குக் கறிபாப் சுடவில்லை. மூன்றாவது தடவையாகப் போன ஞாயிறு என்று சொன்னார்கள். அத்தா பார்ப்பாரா, குடையை எடுப்பாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பழைய குரலைக் கேட்டால் ஒன்று மனம் இளகி அந்த மிஷினை எடுப்பார், இல்லாவிட்டால் இன்னும் இறுகிப்போவார், இரண்டில் எது என்று தெரியாமல் காலையில் ஒரே அரிசியை மூன்று தடவை களைந்தேன்.

மஃரிபு தொழுதுவிட்டு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு ரிமோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு விஜயரட்ணம் அண்ணனும் சந்திராதேவி அக்காவும் வந்தார்கள். அண்ணன் நில அளவை ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம், இன்னும் அளக்கிற வேலையை விடவில்லை. நம் வேலி அவர் பக்கம் நாலு அங்குலம் வந்திருப்பதை வருஷத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்தாமல் இருக்கமாட்டார். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் முன் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டு, பாடுகிறவர் தப்பு விட்டால் அங்கேயே உச் கொட்டுகிற ஆள். எட்டரைக்கு ஆரம்பித்தது. முதலில் வேறு ஊர் அம்மா ஒருவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், பாடினார், ஏழெட்டு நிமிஷம் போய்விட்டது. பிறகு நம் கடை வந்தது. வெங்காய மூட்டை வந்தது, தராசு வந்தது, உள்ளே தள்ளி வையுங்கள் என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்ட உடைந்த நாற்காலி வந்தது. யாரோ ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்து அத்தாவின் கதையைச் சொன்னார். இரண்டு நாள் அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டவள் நான், என் முழங்கை மட்டும் வந்தது. அப்புறம் மண்டபம். பக்கத்தில் தஃப் மேளம் அடிக்கிறவன், வெள்ளைத் தொப்பி, நீலச் சட்டையில் அத்தா மைக்கைப் பிடித்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தார். அந்த விநாடி சுரா பள்ளியில் இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள்.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். பாங்கு கேட்டால் டிவி சத்தத்தை அடைக்க வேண்டும், உலகக் கோப்பை இறுதியாட்டமாக இருந்தாலும் சரி. நீ சின்ன வயதில் அதற்காக வாங்கிய அடி உனக்கு மறந்திருக்காது. சட்டம் போட்டவர் அத்தா, அன்றைக்கு ரிமோட் வைத்திருந்தவரும் அத்தா. கை தானாகப் போய் அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது, முகத்தைப் பார்த்தேன், தெரிந்தது. ஃபரிஹா அத்தா என்று கையை நீட்டினாள். அவர் ரிமோட்டை மடியில் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டார். யார் என்ன சொல்ல முடியும், முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன சட்டத்தைத் தன் பாட்டுக்காக மாற்றுவாரா. சந்திராதேவி அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார். நாலு நிமிஷம் அப்படியே. டிவியில் இருந்தவர் பாட்டுக்கு வாயசைத்தார், நாற்காலியில் இருந்தவர் பாங்குக்குப் பதில் சொல்லி உதட்டை அசைத்தார், இரண்டு பேருக்கும் சத்தம் இல்லை. பாங்கு முடிந்து துஆ ஓதிவிட்டு அவர் சத்தத்தைத் திறந்தார். சோப்புத்தூள் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

நாளைக்கு அவங்க வெப்சைட்ல போட்டுருவாங்க அத்தா, அதுல பாத்துக்கலாம் என்று ஃபரிஹா மெதுவாகச் சொன்னாள், அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார். பிறகு பேசியது விஜயரட்ணம் அண்ணன்தான், வேறு யார் பேசுவார். பாட்டு நல்லாத்தான் போச்சு ரஹீம், ஆனா ரெண்டாவது அடியில தாளத்த விட்டு ஓடிட்டீங்க, கையப் பாத்தாலே தெரியுதே என்றார். ஒரு சத்தம் கேட்காமல் நாலு நிமிஷமும் தொடையில் தாளம் போட்டு அளந்திருக்கிறார் மனுஷன். அக்கா அவரைக் கிள்ளியது எனக்கே தெரிந்தது. அத்தா எழுந்து அறைக்குள் போனார். போச்சு, இனி கதவைச் சாத்திக்கொள்வார், குடைகூட வேண்டாம் என்று நினைத்தேன். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. மிஷினோடு வெளியே வந்தார், அண்ணனுக்கு எதிரே நின்றார், கழுத்தில் வைத்து அழுத்தினார். நான் ஓடல, தஃப் அடிச்சவன் ஓடினான் என்றார்.

சவரம் பண்ணுகிற மிஷின் பேசினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. ஏற்ற இறக்கம் கிடையாது, கோபம்கூட ஒரே மட்டத்தில் வருகிறது. அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அடிக்கிறவன் ஓடினா பாடுறவன்தானே இழுத்துப் பிடிக்கணும் என்றார். நீங்க வந்து பாடிக் காட்டுங்க பாப்போம் என்றார் அத்தா. நாற்பது நிமிஷம் இப்படியே போனது, நடுவில் வேலியும் அந்த நாலு அங்குலமும்கூட வந்துபோயின. ஃபரிஹா அழுதுகொண்டே தேத்தண்ணி ஆற்றினாள், சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டிருக்கிறாள், இரண்டு பேரும் அதைக் குடித்துவிட்டுத் தகராறைத் தொடர்ந்தார்கள். இஷா தொழுகையே அன்றைக்குப் பிந்திவிட்டது.

அவர்கள் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது, ஏன் வராது. அஞ்சு மாசம் நான் கெஞ்சுனேன், மொத வார்த்த அவருக்கா என்று கேட்டேன். அத்தா சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஐந்து மாதம் பெட்டியில் கிடந்த சாமானில் சார்ஜ் எப்படி இருந்தது என்று. மடக்கிக் கேட்டேன். கடையில, மத்தியானம், அரிசி மூட்டைக்கு முன்னால என்றார். தினமும் இரண்டு மணிக்குக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு தூங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இவர் மிஷினை வைத்து மூட்டையோடு பேசிப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன என்று கேட்டேன். சரியா வரட்டும்னு பாத்தேன் என்றார். எது வரவில்லை என்றால், உன் பேர் வரவில்லையாம். மற்ற எல்லாம் வருகிறது, உன் பேரில் நடுவில் உள்ள ஷ் அந்த மிஷினுக்குள் அகப்படவில்லை, அது மூச்சால் வருகிற சத்தம், இவருக்கு மூச்சு கழுத்துத் துவாரம் வழியாகப் போய்விடுகிறது. மகன்கிட்ட பேசுறப்ப மகன் பேரு ஒழுங்கா வர வேணாமா என்றார். மூன்று மாதமாக அந்த மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து அஷ்ரப் அஷ்ரப் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், அஷ்ரப். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் ஃபரிஹாவின் போனில் அந்தப் பாட்டை நான் மட்டும் கேட்டேன், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு. நல்ல குரல், அவருடைய குரல். தஃப் அடித்தவன்தான் ஓடியிருக்கிறான், ஆனால் அதை விஜயரட்ணம் அண்ணனிடம் நான் சொல்லப் போவதில்லை, அவர் தினமும் வந்து வம்பு வளர்க்கட்டும், நல்லதுதான். ஃபரிஹாவுக்கு பத்து பெரண்டாமில் உள்ள ஃபேக்டரியில் அடுத்த மாதத்திலிருந்து காலை ஷிஃப்ட், அதற்கு முன்பாகவே சிம்பாங் அம்பாட்டில் இருந்து வந்த அந்த மாப்பிள்ளை வீட்டாரை வருகிற ஞாயிறு பெண் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை, படம் பிடிக்கும்போது இந்த இடத்தைப் படித்துவிட்டு வந்து கத்துவாள், கத்தட்டும். ஆதிலாவுக்கு என் சலாம், நெத்திலிப் பொடி தீர்ந்தால் வெட்கப்படாமல் கேட்கச் சொல். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் சோறு தண்ணிக்குக் குறையாத ரிஸ்கையும் தந்து, கண்ணும் நெஞ்சும் குளிரும்படி வைக்கட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை நீ கூப்பிடும்போது போனை எடுக்கப் போவது அத்தா. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். எடுத்ததும் உன் பேரைத்தான் சொல்வார். அது உன் பேர் மாதிரி இருக்காது. யார் பேசுறது என்று மட்டும் கேட்டுவிடாதே மகனே.

துஆவுடன்,
உன் அம்மா
சுலைஹா ரஹீம்