பொழுதூருக்கு வாருங்கள்

1943 மார்ச் 14

தோட்டத்துக் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி இராஜமாணிக்கம் ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். போன வாரம்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆம்பிளைகளை ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் பேரும் வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

வரவில்லை. வந்தது வேறு. கித்தா ரப்பரை வாங்க ஆளில்லை, அதனால் ஒரு பக்கத்து மரங்களை வெட்டிவிட்டு அங்கே புது டவுன் ஒன்று உண்டாக்கப் போகிறார்களாம். சிரம்பானிலும் லுக்குட்டிலும் அரிசியில்லாமல் காய்ந்து கிடக்கிற குடும்பங்களைக் கூட்டி வந்து பயிர் செய்ய வைக்க வேண்டும், கடை போட முதல் உள்ளவர்களையும் இழுக்க வேண்டும். நாற்பது குடும்பம் குடியேறிவிட்டால் நம் தோட்டத்து ஆம்பிளைகளில் ஒருத்தரையும் சயாமுக்கு எடுப்பதில்லை என்று ஜப்பான் அதிகாரி வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

"நோட்டீஸ் எழுதணும், சந்தையில நின்னு பேசணும். உன் அளவுக்கு வாய் இந்தத் தோட்டத்துல யாருக்கு இருக்கு, வள்ளிநாயகி?" என்றார் கிராணி. பாராட்டினாரா திட்டினாரா, தெரியவில்லை.

நாற்பது குடும்பம். எங்கே போய்ப் பிடிக்க?

மார்ச் 16

வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்லக் கூடாது. எழுதலாம் இல்லையா? அர்ச்சுனன். அர்ச்சுனன். யார் என்ன செய்துவிடுவார்கள்!

சாயங்காலம் நாங்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் எல்லாரையும் உட்கார வைத்து, டவுனில் என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மயிலம்மாள் பூக்கடை வேண்டும் என்றாள். மல்லிகை, கனகாம்பரம், தண்ணீர் தெளித்து ஈரத்துணி போட்டு மூடினது. ஒருத்தர் முடிவெட்டும் கடை கேட்டார், பெரிய கண்ணாடியோடு. நாலு தெருவும் கூடுகிற இடத்தில் விளக்கு வேண்டும் என்று இன்னொரு குரல். இருட்டிப் போச்சு, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஏதோ நாளைக்கே குடி போகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தோம்.

இவர் கடைசியாகத்தான் வாயைத் திறந்தார். "ஒரு பெஞ்சு போதும். வேல வெட்டி இல்லாம உக்காந்து போறவங்க வர்றவங்களப் பாக்கணும். அதான் டவுனு." சோம்பேறி என்றேன். சிரித்தார்.

மார்ச் 19

டவுனுக்கு ஜப்பான்காரன் வைத்த பேர் யார் வாயிலும் நுழையவில்லை. தமிழ் நோட்டீசுக்கு நான் பொழுதூர் என்று வைத்தேன். தோக்கியோ நேரம் என்று கடிகாரத்தை முன்னால் தள்ளினதிலிருந்து எப்போது விடிகிறது, எப்போது இருட்டுகிறது ஒன்றும் விளங்கவில்லை. அந்த ஊரிலாவது பொழுது பொழுதாக இருக்கட்டும்.

ஜப்பான் கணக்குப்படி வருஷம் 2603 என்று போட வேண்டுமாம். ஒரே ராத்திரியில் அறுநூற்று அறுபது வயசு கூடிப்போச்சு எனக்கு.

ஏப்ரல் 2

மரம் சாய்த்தாகிவிட்டது. கித்தா மரங்கள் வரிசை வரிசையாக நின்ற இடம், அதனால் தெருவுக்குக் கயிறு பிடிக்கிற வேலையே இல்லை. வரிசைகளுக்கு நடுவில் இருந்த சந்துகள்தான் தெரு.

இன்று வெயில் தாழ்ந்தபின் தனியாகப் போய் அதில் நடந்தேன். இரண்டு பக்கமும் அடிக்கட்டைகள், வெட்டுவாயில் பால் இன்னும் வடிகிறது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன். பூக்கடை வந்தது. கண்ணாடிக்காரன் கடை வந்தது. யாரோ என்னைத் தாண்டிப் போனார்கள், ஜவ்வாது வாசனை அடித்தது. முக்கில் திரும்பினால் விளக்கு. எவ்வளவு நேரம் நடந்தேனோ. இவர் தேடிக்கொண்டு வந்து, "ஏ புள்ள, எங்க போனே?" என்றார்.

டவுனுக்கு என்றேன்.

ஏப்ரல் 11

லுக்குட் பாசார், சந்தை நாள். கிராணி கொண்டு வந்த பலகை மேல் ஏறி நின்றேன். முதலில் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினேன், பிறகு பார்க்க வேண்டுமே என்னை! நல்ல தண்ணீர், நேரான தெரு, வீட்டுக்கு வீடு மரவள்ளித் தோட்டம், கூப்பிட்டால் ஓடி வருகிற அண்டை வீட்டுக்காரர்கள்.

சைபுதீன் பாய் என்று ஒருத்தர். இங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மாவும் சீனியும் இல்லாமல் கடை பாதி நாள் மூடிக் கிடக்கிறதாம். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "அதெல்லாம் சரி தங்கச்சி. தெருவுல ஆள் நடமாட்டம் எப்படி? ஆள் நடந்தாத்தான் எனக்கு யாவாரம்."

"நடந்துகிட்டே இருப்பாங்க பாய்! வந்து பாருங்க லா!" என்று சொல்லிவிட்டேன். இந்த வாய் இருக்கிறதே.

அவர் சம்சாரம் ரஹ்மத் நிஷா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "கொசு இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "பரவால்லயே, ஒரு உண்மையும் சொல்றியே" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு பார்க்க வருகிறார்கள். பொழுதூரில் ஆறு குடிசையும் இவர் அடித்து வைத்த ஒரு பெஞ்சும்தான் இருக்கின்றன. ஈ காக்கை கிடையாது.

ஏப்ரல் 18

எழுதவே கை வரவில்லை, சிரிப்பு சிரிப்பாக வருகிறது.

மயிலம்மாள்தான் வழி சொன்னாள். "யாரும் நடக்கலன்னா நாமளே நடப்போம்." லயத்தில் இருந்த அத்தனை பேரும் கிளம்பினோம். தெருவின் மேட்டு முனையில் நுழைவது, பள்ளத்து முனையில் இறங்குவது, லயத்துக்குப் பின்னால் ஓடி மறுபடி மேட்டுக்கு வருவது. ஒரு சுற்றுக்குத் தலையில் கூடை, அடுத்த சுற்றுக்கு இடுப்பில் பிள்ளை. மாற்றுச் சேலைக்கு எங்கே போவது? முந்தானையை மாற்றி மாற்றிப் போட்டோம். இவர் மயிலம்மாளின் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெள்ளை ஆடு, ஒரு காது மட்டும் கருப்பு.

பாயும் ரஹ்மத் நிஷாவும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

முதலில் நடிப்புதான். அப்புறம் மறந்து போச்சு. எதிரே வருகிறவர்களை நின்று, "சௌக்கியமா? கடைத்தெருவுக்கா?" என்று கேட்டோம். ஆமாம் என்றார்கள். வெயில் மஞ்சளாகி, புழுதி மெள்ள எழும்பி அப்படியே நின்றது. இரண்டு கிழவர்கள் நடுத்தெருவில் நின்று நிஜமாகவே சண்டை போட்டார்கள். எனக்குப் பூ வாங்க வேண்டும் போல இருந்தது. சத்தியமாக, முந்தானை முடிச்சில் கையை விட்டுக் காசைத் தேடினேன்.

இவர் நாலாவது தடவை வரும்போது பாய் கூப்பிட்டார். "தம்பி, இந்த ஊர்ல எல்லா ஆட்டுக்கும் ஒரு காது கருப்பா?"

இவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "இந்த ஊர் ஜாதியே அப்படித்தான் பாய்."

ரஹ்மத் நிஷா முக்காட்டை வாயில் வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாய்க்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எனக்காக வேகாத வெயில்ல இந்தச் சுத்து சுத்துற சனங்க, டீ குடிக்க வராமலா போயிடுவாங்க? கடை போடறேன்" என்றார்.

மே 30

பாய் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வருகிறார்கள். சிரம்பானிலிருந்து ஒரு தச்சர், புக்கிட் பெலண்டோக்கிலிருந்து இரண்டு அண்ணன் தம்பி. கிராணி தினம் கணக்குப் பார்க்கிறார். நான் இவர் முகத்தைப் பார்க்கிறேன்.

ஜூலை 4

நாற்பது! நாற்பதாவது வீட்டில் இன்று அடுப்பு மூட்டினார்கள். பாய் கடையில் வறுத்த சோளத் தூள் போட்டுக் காப்பி, எல்லாருக்கும் இனாம். தெருமுக்கில் கம்பு நட்டு கித்தாச் சக்கையைக் கொளுத்தினார் இவர். புகைதான் பாதி. இருந்தாலும் விளக்கு விளக்குதானே. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், நான் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த விளக்கு இதேதான்.

இனிமேல் இவரைத் தொட முடியாது.

ஆகஸ்ட் 22

கூட்டிட்டுப் போயிட்டானுங்க.

பழைய அதிகாரி மாறிட்டானாம். புதுசா வந்தவன் வாக்கா, என்ன வாக்குங்கறான். கிராணி எதுவோ சொல்லப் போனார், கன்னத்துல ஒரு அறை. லயத்து ஆளு பன்னண்டு பேரு, அதுல இவரும். சோத்துப் பானைகூட இறக்கல நான். லாரி கிளம்பறப்ப பேரச் சொல்லிக் கத்தினேன். அத்தன பேரு முன்னாலயும், அர்ச்சுனா அர்ச்சுனான்னு. திரும்பிப் பாத்தாரு. வெக்கப்பட்டுச் சிரிச்சாரு.

நாப்பது குடும்பம் கொண்டாந்தேனே. என்னத்துக்கு?

ஆகஸ்ட் 29

பொழுதூர் பக்கமே போகவில்லை. நெருப்பு வைக்கத் தோன்றுகிறது. ரஹ்மத் நிஷா அக்கா கஞ்சி கொண்டு வந்தார். குடிக்காமல் விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "அவரு வந்து எங்க உக்காருவாரு? பெஞ்சத் தொடைச்சு வை" என்றார்.

துடைத்து வைத்தேன்.

1944 பிப்ரவரி 9

ஊரில் காய்ச்சல். தச்சரின் இளைய மகள் போய்விட்டாள். "கொசுவச் சொன்னே, காய்ச்சலச் சொல்லலியேம்மா" என்றார் தச்சர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு மூன்று வேளையும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறேன். வேறு என்ன செய்வேன்?

ஜூன் 3

பிள்ளைக்கு மருந்து வாங்க மயிலம்மாள் ஆட்டை விற்றுவிட்டாள். கயிற்றை மட்டும் கொடுக்கவில்லை.

நவம்பர் 12

கனவு. இவர் தெருவில் நடக்கிறார், நான் பின்னால் போகிறேன். கடைகள் எல்லாம் திறந்திருக்கின்றன. கூப்பிடுகிறேன், முக்கில் திரும்பிவிடுகிறார்.

1945 செப்டம்பர் 20

ஜப்பான்காரன் தோற்றுப்போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். ஊர் காலியாகிறது. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் அவரவர் ஊருக்கு. போகிறவர்களைக் குறை சொல்ல முடியுமா? தச்சர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். பாய் வீடு மட்டும் கிளம்பவில்லை. "போட்ட அடுப்ப எதுக்குத் தூக்கணும்?" என்கிறார். டீ குடிக்க நாங்கள் ஏழெட்டுப் பேர்.

டிசம்பர் 2

வந்துவிட்டார்.

சிரம்பான் ஸ்டேஷனில் இவரைத் தாண்டிப் போய்விட்டேன். அடையாளம் தெரியவில்லை எனக்கு. கணுக்காலில் ஆறாத புண், கையெல்லாம் எலும்பு. தூக்கினால் பிள்ளை மாதிரி வருகிறார்.

டிசம்பர் 9

பேச்சில்லை. ஊட்டினால் சாப்பிடுகிறார். போன பன்னிரண்டு பேரில் திரும்பியது இவர் ஒருத்தர்தான். மற்ற பதினோரு வீட்டுப் பெண்கள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்காமல் போகிறார்கள்.

டிசம்பர் 15

தாங்கிப் பிடித்துப் பெஞ்சுக்குக் கூட்டிப் போனேன். தெருவை இந்த முனை முதல் அந்த முனை வரை பார்த்தார். திறந்து கிடக்கிற வீடுகள், வாசலெல்லாம் லாலான் புல். முதல் பேச்சு பேசினார்.

"இங்கயும் எல்லாரும் செத்துட்டாங்களா?"

இல்லைங்க, இல்லைங்க, ஊருக்குப் போயிட்டாங்க என்றேன். காதில் ஏறவில்லை.

டிசம்பர் 16

மயிலம்மாள் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன்பே அவள் கூடையை எடுத்துவிட்டாள். பாயும் எழுந்தார், அக்காவும். கிராணி கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த மற்ற வீட்டுப் பெண்களில் மூன்று பேர் வந்தார்கள். அவர்களை நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு எப்படி மனசு வரும்? தாங்களாகவே வந்து வரிசையில் நின்றார்கள்.

நடந்தோம். மேட்டு முனையில் நுழைந்து, பள்ளத்தில் இறங்கி, பின்னால் சுற்றி. முந்தானையை மாற்றிப் போட்டோம். "சௌக்கியமா? கடைத்தெருவுக்கா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டோம். பாய் இரண்டு தடவை முண்டாசை அவிழ்த்துக் கட்டினார். புழுதி எழும்பி வெயிலில் நின்றது. இவர் கண் எங்களோடு வந்தது, போனது, மறுபடி வந்தது.

எத்தனையாவது சுற்றோ. பெஞ்சைத் தாண்டும்போது என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஏ புள்ள, ஆட்ட எங்க விட்டீங்க?"

நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். மற்றவர்கள் நிற்கவில்லை, என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

டிசம்பர் 18

நாளைக்கு லுக்குட் போகிறேன். வெள்ளைக் குட்டி விசாரிக்க வேண்டும், ஒரு காது மட்டும் கருப்பாக. கிடைக்காவிட்டால் மையைத் தடவிக்கொள்ளலாம் என்கிறார் இவர்.