நீர்யானைக்குப் பின்னால் நின்ற குர்ஷித்

மகன் வக்காருக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் ஆம்பூரில் எல்லோரும் சுகம், என் முட்டி மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அடிஸ் அபாபாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்கு மிருகம் பார்க்கப் போனவர்கள் நான், உன் அப்பா, உன் பெண்டாட்டி கௌசர், உன் மகள் முபஷ்ஷிரா, கௌசரைப் பெற்ற குர்ஷித். குர்ஷித்தை யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்து வேனில் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நீ விசா அனுப்பி இரண்டு மாதமாகியும் கௌசர் பெட்டி கட்டாததற்குக் காரணமே இந்த குர்ஷித்தான். ஆப்பிரிக்காவில் உன் தோல் கம்பெனி வாசலிலேயே சிங்கம் படுத்திருக்கும், பிள்ளையைத் தூக்கிக்கினு போய்டும் என்று தினம் ஓதி வைத்திருக்கிறாள். உன் கல்யாணத்தில் கத்தரிக்காயில் புளி ஜாஸ்தி என்று மூன்று பந்தியிலும் போய்ச் சொன்ன வாய் அது, எட்டு வருஷமாகியும் எனக்கு ஒரு பந்தியும் மறக்கவில்லை. நேரில் காட்டினால் பெண்ணுக்குப் பயம் தெளியும் என்று நான்தான் எல்லோரையும் கிளப்பினேன். சிங்கம் உன் அப்பா மாதிரிதான், மல்லாந்து தூக்கம். வேட்டைக்குப் போவதெல்லாம் பெண் சிங்கமாம், பலகையில் இருந்ததை முபஷ்ஷிரா படித்தாள். நெருப்புக்கோழியில் ஆணும் முறை போட்டு அடைகாக்குமாம், அதை மட்டும் உன் அப்பாவுக்காக இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அவர் காதில் வாங்கினால்தானே, முப்பது வருஷம் தோல் தரம் பிரித்த மனுஷர், வரிக்குதிரையைப் பார்த்து கழுத்துல கீறல், செகண்ட் குவாலிட்டி என்றார். அதைக் கேட்ட காவலாளி அங்கிருந்து எங்கள் பின்னாலேயே வந்தான்.

நீர்யானை கரையேறி, சுவர் ஓரமாக நின்று வாயைப் பிளந்தது. உடனே குர்ஷித், பாருடி கௌசர், இதுங்க நடுவுல போய்க் குடித்தனம் பண்ணப் போறியா என்று ஆரம்பித்தாள். உன் அப்பா, வாயில இன்னா இருக்குது சம்பந்தி, பின்பக்கம்தான் கெட்டித் தோல், இப்படி வந்து பாருங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டார். தோல்காரர்கள் அங்கேதான் முதலில் பார்ப்பார்கள், அவர் மேல் தப்பில்லை. அவள் போய் நின்றாள். அது குட்டை வாலை ஃபேன் மாதிரிச் சுழற்றிக்கொண்டே சாணி போட்டது, குர்ஷித்தின் புதுப் புடவையிலிருந்து மூக்குக்கண்ணாடி வரை ஒன்றும் தப்பவில்லை. இது என் இடம் என்று தெரிவிக்க அப்படித்தான் வீசுமாம், காவலாளி நிதானமாக விளக்கினான். நான் சிரிக்கவில்லை, முந்தானையை வாயில் அடைத்திருந்தேன். கௌசர்தான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பும்போது, அம்மா சொன்ன ஆபத்தெல்லாம் அம்மாவுக்கேதான் வந்துச்சு மாமி, அவரை டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க என்றாள்.

ஜெயித்த சந்தோஷத்தில் முபஷ்ஷிராவை மடியில் இழுத்து, தாதி என்னை விட்டுட்டு எப்படிடி இருப்பே, அழுவியா என்று கேட்டேன். அங்க ஒட்டகச்சிவிங்கி இருக்குமே தாதி, எனக்கு டைம் இருக்காது என்றாள். வாலாஜா வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

டிக்கெட் எடு. ஏர்போர்ட்டுக்கு ஆள் அனுப்பாதே, நீயே போய் நில். குளிர் ஊர் என்கிறாய், பிள்ளைக்கு மார்ச்சளி வரும், ஸ்வெட்டர் வாங்கி வை. அல்லாஹ் உங்கள் மூவரையும் ஒரே கூரையில் பரக்கத்தோடு வைக்கட்டும். குர்ஷித்தை மன்னித்துவிட்டேன், அவள் புடவையை நானே அலசிப் போட்டேன். நான் மன்னிக்கப்போவதில்லை என்றால் அது ஒரே ஒரு ஆள், முபஷ்ஷிரா.

உன் அம்மா
ஹலீமா பீ