மனதுக்கு எதிர்ப்பக்கம்

அன்பு மகன் இளவரசனுக்கு, அம்மா எழுதுவது. ஸ்ரீரங்கத்தில் நானும் அப்பாவும் உடம்பால் சுகம், மனசால் இல்லை. மெல்போர்னில் நீயும் ஜோதியும் பிள்ளையும் சுகமாக இருக்க ரெங்கநாதரை வேண்டுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. போனில் கனி மாமா பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

பொங்கல் பட்டிமன்றத்தில் அவரவர் மனதில் உள்ளதற்கு எதிர்ப்பக்கம்தான் பேச வேண்டும் என்பது நம் தெரு வழக்கம். உனக்குத் தெரியாததா? ஸ்கூலில் படிக்கும்போது கிரிக்கெட்டே கூடாது என்று பேசிக் கப் வாங்கியவன்தானே நீ. போன பொங்கலுக்கு, திருவிழாவுக்காகத் தெருவை அடைக்கலாமா என்று தலைப்பு. தேர் வந்தால் குடைக்கடைப் பந்தலைத் தன் கையால் பிரித்து வழிவிடுகிற கனி மாமாவுக்கு, கூடாது என்கிற பக்கம். சிரிக்கச் சிரிக்கப் பேசினார். அந்த வீடியோவில் யாரோ ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட, எல்லாம் தெரிந்த நீ, எங்கள் சாமி இவர்கள் கண்ணை உறுத்துகிறது என்று மேலே ஒரு வரி எழுதி ஊரெல்லாம் அனுப்பினாய். வெட்டினவன் யாரோ, போகட்டும். விசாவுக்கு உன்னைத் தன் காரில் சென்னைக்குக் கூட்டிப்போன மனுஷனடா அவர். அதைப் பார்த்துவிட்டு அவர் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். அவர் மனைவி வஹீதா என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள். போலீசில் சொல்லுங்கள் என்று கனி மாமாவிடம் நான்தான் போய் நின்றேன். “அந்த வரியோட நம்ம தம்பி பேருல்ல இருக்கு, எப்படிங்க சொல்றது” என்றார். உன்னைப் பெற்றதற்கு நான் வெட்கப்பட்டது அன்றுதான்.

இனி மேடைப் பக்கமே வரமாட்டேன் என்றவரை, விழா நடத்தும் ரெங்கராஜ் சார் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறார். இந்த வருடத் தலைப்பு, வெளிநாட்டில் இருப்பவர்கள் தெரு விவகாரத்தில் வாய் வைக்கலாமா. வழக்கப்படி கனி மாமா, வைக்கலாம் என்று உன் பக்கம் பேச வேண்டும். பெற்ற மனம் பிள்ளை பக்கம்தான் என்று எனக்கு உன்னை எதிர்த்துப் பேசும் பக்கம் தந்தார்கள். நான் திணறியிருக்க வேண்டும். உட்கார்ந்து எழுதினேன், பேனா ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நேற்று கனி மாமா வாசலில் வந்து நின்று, “தம்பிக்காகப் பேசணும், ஒரு பாயிண்டும் கிடைக்கலைங்க, கேட்டுச் சொல்றீங்களா” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

ஆண்டவன் உனக்கு ஆயுளோடு நல்ல புத்தியும் தரட்டும். பிள்ளையைத் தொப்பி இல்லாமல் வெயிலில் விடாதே. பொங்கலுக்குள் கிடைக்கும்படி, உன் பக்கத்து நியாயம் ஒன்றாவது இருந்தால், கனி மாமாவுக்கு நீயே எழுது. நான் சொல்லித் தரமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னை எதிர்த்துப் பேசப் போகும் அம்மா,
அனுசுயா