காரின் அடியில் இருந்த செம்மண்

அன்புள்ள யமுனா கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே இந்த மழைக்கு நடுவிலும் நானும் அப்பாவும் தெம்பாக இருக்கிறோம், கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் அடுப்புப் பற்ற வைக்கும்போதே எனக்கு வருகிற நினைப்பு. போனில் எல்லாவற்றையும் சொல்லலாம் என்றால் முக்கியமான இடம் வரும்போதுதான் சிக்னல் போகிறது, அதனால் பேப்பரில் எழுதிவிட்டேன், அப்பா போட்டோ பிடித்து அனுப்புவார். மிளகு இந்த வருடம் கொடி கொள்ளாமல் பிடித்திருக்கிறது. மரவள்ளியில் பன்றி இறங்கி ஒரு மூலையைக் கிளறிவிட்டது, மற்றபடி பரவாயில்லை. அப்பா முழங்கால் வலிக்கு மருந்து தேய்க்கிறார், தேய்த்த கையோடு மரமும் ஏறுகிறார், நீயே ஒரு வார்த்தை சொல்.

கார் கழுவுவதற்கு நீ போனில் படம் அனுப்பிய பெரிய மெஷினை வாங்காமல் ஏன் சின்னதை வாங்கினாய் என்று கேட்டாயே, அதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் எல்லா வண்டியும் ஓடையில் இறங்கித்தான் குளிக்கும், என் காரும் அப்படித்தான். அந்தத் தண்ணீர் கீழே கண்ணாயி அக்கா வயலுக்குத்தான் போகிறது. ஒருநாள் அக்கா ரோட்டில் என்னை நிறுத்தி, ஏனுங்க அம்சவேணி, உங்க காரு குளிச்ச தண்ணியத்தான் எங்க நாத்து குடிக்கோணுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். எனக்கும் சுருக்கென்றது, ஊர் வண்டியெல்லாம் இறங்குது, என்னைய மட்டும் கேக்கறயேன்னு நானும் திருப்பிக் கேட்டேன். அதிலிருந்து பேச்சு நின்றது. பிறகு ஊர்க்கூட்டத்தில் இனி ஓடையில் எந்த வண்டியும் இறங்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள், வயலில் எண்ணெய் மிதப்பதை நானும் பார்த்ததால் முதலில் கை தூக்கியதே நான்தான். ஆனாலும் அக்கா முகம் கொடுக்கவில்லை. இனி வீட்டில்தான் கழுவ வேண்டும், குழாயோ ஒருநாள் வரும் ஒருநாள் வராது, வாளியில் மொண்டு ஊற்றினால் வாடகைச் சவாரி முடிந்து வருகிற செம்மண்ணுக்கு ஒரு டிரம் தண்ணீர் காணாது. அதனால்தான் மெஷின் யோசனை.

நாமக்கல்லில் குழந்தைவேலு என்பவர் கடைக்குப் போனேன். நல்ல மனுஷன், ஆனால் எடுத்ததும் வாட்டர் சர்வீஸ் வைக்கிறவர்கள் வாங்குகிற பெரிய மெஷினைத்தான் காட்டினார். அக்கா, இது அடிச்சா கல்லுல இருக்கற பாசியே போயிருமுங்க என்றார். எனக்குக் கல் கழுவ வேண்டாமுங்க, பெயிண்ட் நிக்கோணும் என்றேன். வீட்டுக் காருக்கு நூறு பார் அழுத்தத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் தாராளம் கண்ணு, அதற்கு மேல் காசும் வீண், பழைய பெயிண்டுக்கும் ஆபத்து. வாட் அதிகமானால் நம் ஊர் கரண்டு தாங்காது, சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் நம் கிணற்று மோட்டாரே உறுமிக்கொண்டு நிற்பதை நீ பார்த்திருக்கிறாய். நீ அனுப்பியது குழாயில் சொருகினால்தான் ஓடும், அதுவும் குழாயில் தண்ணீர் வேகமாக வர வேண்டும். எனக்கு டிரம்மிலிருந்து தானே உறிஞ்சுகிற மெஷின் வேண்டும், அதைக் கண்ணால் பார்த்தால்தான் வாங்குவேன் என்று நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே கடைக்குப் பின்னால் ஒரு வாளி வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். ஒன்று வெறும் காற்றைக் குடித்துக் கத்தியது, இந்தச் சின்னது மட்டும் இரண்டு இருமல் இருமி வாளியைக் காலி செய்தது. பேட்டரியில் ஓடுகிற தண்ணீர்த் துப்பாக்கி ஒன்றும் இருந்தது, அது செடிக்குத் தண்ணீர் தெளிக்கத்தான் ஆகும். ஓஸ் காரைச் சுற்றி வருகிற நீளம் இருக்கிறதா, ரப்பர் வாஷர் போனால் இதே கடையில் கிடைக்குமா என்று அதையும் கேட்டுக்கொண்டுதான் தூக்கி வந்தேன். நீ அனுப்பியதில் பாதி விலைகூட இல்லை. சிக்கனம் என்று நினைக்காதே, நமக்குப் பொருந்துவது இதுதான்.

இனிதான் விஷயம். கண்ணாயி அக்கா மருமகள் கோகிலவாணிக்கு மாதம் நெருங்கிவிட்டது, டாக்டர் முன்னாடியே மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொல்லியிருந்தார். என்னோடு பேசாவிட்டாலும் அக்கா மகனை விட்டு மறுநாள் காலைக்கு என் காரைக் கேட்டிருந்தாள், நானும் சரி என்றேன். பிள்ளைத்தாச்சி ஏறுகிற கார் சுத்தமாக இருக்கட்டும் என்று அன்று சாயங்காலமே புது மெஷினை எடுத்தேன். மேலே கழுவியதும் சக்கரத்துக்குப் பின்னால் பீச்சினேன், எத்தனையோ மழைக்கு அப்பிய செம்மண் கட்டி கட்டியாக விழுந்தது. எல்லா இடமும் உலர்ந்த பிறகும் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ரப்பர் ஓஸ் மட்டும் ஈரமாகவே இருந்தது. தொட்டால் வழவழவென்றது. தண்ணீர் இல்லை, எண்ணெய். அப்பாவைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன், அவர் மிதிக்க மிதிக்கச் சொட்டுகிறது. அப்பா, நீ அடிச்ச அடியில ஓஸ் பிஞ்சிருச்சு என்றார், எனக்கும் அந்தச் சந்தேகம்தான். செம்மேட்டிலிருந்து மெக்கானிக் பூபதி வந்து டார்ச் அடித்துப் பார்த்தான். இல்லீங்க மாமா, வெடிப்புக்குள்ளயே மண்ணு போயி இறுகிக் கெடக்குது பாருங்க, இது பழைய வெடிப்பு, அந்த மண்ணுதான் இத்தன நாளா கசிவ மறச்சு வெச்சிருந்துச்சு, இதோட மல எறங்கியிருந்தா நாலு வளைவுலயே பிரேக்கு புடிக்காமப் பெடல் அடியோட போயிருக்கும் என்றான். முந்தின நாள்கூடப் பேளுக்குறிச்சி சந்தைக்கு மிளகு மூட்டையோடு இறங்கி ஏறிய கார் அது.

ஓஸ் மலையில் கிடைக்கவில்லை, கீழேயிருந்துதான் வர வேண்டும். கார் வராது என்று சொல்ல நானே அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவளுக்குக் கண் சிவந்துவிட்டது. ஓடைத் தண்ணிக்குக் கோவம்னா என்ற மேல காட்டு, வகுத்துப் புள்ளக்காரி மேல காட்டாத என்றாள். அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். கையைப் பிடித்து நம் வீட்டுக்குக் கூட்டி வந்து, குனி அக்கா என்று சொல்லிக் குனிய வைத்து, அப்பாவை மறுபடி மிதிக்கச் சொன்னேன். அவள் நீட்டிய உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் புள்ள இதுலயா சாமி போயிருக்கும் என்று மட்டும் கேட்டாள். நான் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் விமலாவுக்குப் போன் போட்டேன், அந்தப் பெண் தட்டாமல் ஆம்புலன்சுக்கு ஏற்பாடு செய்தாள். விடிந்ததும் கோகிலவாணி பத்திரமாக மலை இறங்கினாள், ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடை.

புது ஓஸ் வந்ததும் பூபதி ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதும் என்றான், நான் இரண்டு பக்கமும் மாற்ற வைத்தேன். காலிக் காரில் முதலில் நான் மட்டும் இறங்கி ஏறிப் பார்த்துவிட்டுத்தான் தாயையும் பிள்ளையையும் கூட்டிவரப் போனேன். திரும்பும்போது கண்ணாயி அக்கா முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரேக் சரியாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிடுகிறவள், அன்று பாதி மலை ஏறுவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். நான் கியர் மாற்றும்போதுகூட எழுப்பவில்லை.

நீயும் அங்கே கார் ஓட்டுகிறாய், குளிர் காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள் என்று நீதானே சொன்னாய். உப்பு மண்ணைவிட மோசம், இரும்பைத் தின்றுவிடும். மேலே பளபளப்பாக இருக்கிறது என்று விட்டுவிடாதே, அடியில் கழுவச் சொல், கழுவிய பிறகு ஒருமுறை நீயே குனிந்து பார். மெஷின் வாங்கினால் ஒரு முழம் தள்ளியே பிடி, என்ஜின் மேல் பீச்சாதே, ரப்பர் செருப்பு இல்லாமல் சுவிட்சைத் தொடாதே. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீ போகிற பாதையெல்லாம் அறப்பளீஸ்வரர் துணையாக வரட்டும், நோய் நொடி இல்லாமல் நூறாண்டு இரு. இந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது காருக்கு அடியில் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்பேன், பார்த்து வை.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
ம. அம்சவேணி
அரியூர் நாடு, கொல்லிமலை